‘ஜெபிக்கிறேன்’ என்று சொன்ன பிறகு

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது, எங்கள் சபையைச் சேர்ந்த, என்னைவிட வயதில் இளைய சகோதரி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "அக்கா, நீங்க தினமும் எனக்காக ஜெபிக்கிறீங்கங்கிற நினைப்புதான் இந்த ஒன்றரை மாசமும் என்னைத் தாங்கிச்சு" என்றார். அவருடைய கணவருக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. சிகிச்சைக்கு முன்பு அவர் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னபோது, "கண்டிப்பா ஜெபிக்கிறேன்" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைக் கொடுத்த நாள் முதல் அவர் என் கையைப் பிடித்த அந்தக் கணம்வரை, அவர் பெயரைச் சொல்லி நான் ஒரு தடவைகூட ஜெபித்திருக்கவில்லை. அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதோ சொல்லித் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் ஜெபக்குறிப்பேட்டைத் தேடினேன். அது அலமாரியின் மேல்தட்டில், பழைய காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் 11 பெயர்கள் இருந்தன. தேதியைப் பார்த்தால் ஏழு மாதங்களுக்கு முந்தையது. அந்தப் பதினொரு பேரில் இருவர் அதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் உயிரோடிருந்த கடைசி மாதங்களில் அவர்களுக்காக நான் என்ன ஜெபித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நானும் உங்களுக்காக விண்ணப்பம்செய்யாதிருப்பேனாகில் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாயிருப்பேன்" என்று சாமுவேல் சொன்ன வசனத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பெண்கள் கூடுகை ஒன்றில் அதை வைத்துப் பேசியும் இருக்கிறேன். தம்மை ஒதுக்கிவிட்டு ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களைப் பார்த்துத்தான் சாமுவேல் இதைச் சொன்னார் என்பதும், ஜெபிக்காமல் விடுவதைச் சோர்வு என்றோ மறதி என்றோ அவர் குறைத்துச் சொல்லவில்லை என்பதும் அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. அதுவரை, ஜெபம் குறைந்துபோனதைப் பற்றி யாராவது கேட்டால், "நேரமே கிடைப்பதில்லை" என்று சொல்லி வந்தேன். வேலை, வீடு, பிள்ளைகள், சபை ஊழியம் என்று நாள் நிரம்பி வழிகிறது என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்ப்பதற்காக, ஒரு வாரம் முழுவதும் என் நேரம் போகும் வழியை மணிக்கணக்கில் எழுதி வைத்தேன். இதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. இனி என்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்கிற தவிப்புதான் காரணம். பகல் நேரம் நான் நினைத்தபடியே நெருக்கமாகத்தான் இருந்தது. அதில் கால் மணி நேரத்தைப் பிடுங்குவதுகூடக் கடினம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் எழுதியிருந்தவற்றை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, தலையணையில் சாய்ந்து, "இரண்டு செய்திக்குப் பதில் அனுப்பிவிட்டு ஜெபித்துவிட்டுத் தூங்கலாம்" என்று கைப்பேசியை எடுப்பேன். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே வரும். கண் எரியத் தொடங்கும்போது மணி பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். பிறகு படுத்தபடியே, "ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பிப்பேன். எங்கே முடித்தேன் என்பது மறுநாள் எனக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலையில் கண் விழித்தபோது, கைப்பேசி என் உள்ளங்கையிலேயே சூடாக இருந்தது. இரவு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஏழு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அந்த வெளிச்சத்துக்கு முன் போயிருந்தது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்.

குருடானதையும் கால் ஊனமானதையும் நோய்கொண்டதையும் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, அதையே உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று மல்கியா முதலாம் அதிகாரத்தில் கர்த்தர் கேட்கிறார். என் நாளின் கடைசியில், கண் சொருகும் வேளையில் நான் கொண்டுபோய் வைத்த அந்த மூன்று நிமிடங்களை நினைத்தபோது இந்த வசனம்தான் வந்து நின்றது. மேலதிகாரியிடம் பேச வேண்டிய ஒரு காரியத்தை அப்படிப் படுத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பேச எனக்கு மனம் வந்திருக்குமா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே களைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், படுக்கையிலிருக்கும் நோயாளியைப் புரட்டிப் புரட்டிக் கவனிக்கிறவர், இரண்டு வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்துகிறவர் ஆகியோரிடம் மல்கியாவைக் காட்டிப் பயமுறுத்துவது அன்பில்லாத செயல் என்பது என் உறுதியான எண்ணம். கெத்செமனேயில் தூங்கிப்போன சீஷர்களிடம், "ஒரு மணி நேரமாவது என்னோடுகூட விழித்திருக்கக்கூடாதா?" என்று கேட்ட ஆண்டவரே, அடுத்த மூச்சில், "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அவர்கள் நிலையைப் புரிந்துகொண்டு பேசினார். என் மாமியாரைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட காலத்தில் எனக்கு "இயேசுவே" என்கிற ஒரு சொல்லுக்கு மேல் வராத இரவுகள் பல உண்டு. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதியது அத்தகைய இரவுகளுக்கானது. ஆனால் நான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் ஆண்டில் என் நிலை அதுவாக இல்லை. எனக்கு நேரம் இருந்தது. அதை வேறொன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி மாற்கு முதலாம் அதிகாரம். "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்கிற 35ஆம் வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின சில வசனங்களோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. அது கப்பர்நகூமில் ஓர் ஓய்வுநாள். காலையில் இயேசு ஜெப ஆலயத்தில் போதகம்பண்ணுகிறார்; அங்கேயே அசுத்த ஆவியுள்ள ஒருவனை விடுவிக்கிறார்; சீமோனின் வீட்டில் ஜுரமாய்க் கிடந்த அவன் மாமியைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். ஓய்வுநாள் முடிந்து சூரியன் அஸ்தமித்ததும், பிணியாளிகளைச் சுமந்துகொண்டு ஊர் முழுவதும் அந்த வீட்டு வாசலில் வந்து கூடுகிறது. எத்தனை மணிக்கு அந்தக் கூட்டம் கலைந்தது என்று மாற்கு எழுதவில்லை. அப்படி ஓர் இரவுக்குப் பிறகுதான் அவர் இருட்டோடே எழுந்தார்.

அதற்குப் பிந்தின வசனங்கள் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. சீமோன் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். நேற்று வரிசையில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் இன்று வாசலில் காத்திருந்திருப்பார்கள். நியாயமான தேவைதான். அவரோ, "அடுத்த ஊர்களிலும் நான் பிரசங்கம்பண்ணவேண்டுமாதலால், அவ்விடங்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகவே புறப்பட்டுவந்தேன்" என்று சொல்லி நடக்கத் தொடங்குகிறார். ஜெபத்தை நான் என் வேலைப் பட்டியலில் ஒன்றாக வைத்து, அதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் பகுதியிலோ, அன்றைக்கு எந்த வேலை தமக்குரியது, எது தமக்குரியது அல்ல என்கிற தெளிவோடு அவர் ஜெபத்திலிருந்து எழுந்து வருகிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்கிற ஒரே காரணத்துக்காக நான் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளை எண்ணிப் பார்த்தேன். அவற்றில் இரண்டை அந்த மாதமே விட்டேன்; ஒன்று சபை சார்ந்த குழுப் பொறுப்பு. அதை விட்டதில் ஒருவருக்கு என்மேல் வருத்தம் உண்டாயிற்று. அந்த வருத்தம் எனக்கும் வலிக்கத்தான் செய்தது.

அதிகாலையில் எழுவது என்று தீர்மானித்து, ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். முதல் வாரத்தில் இரண்டு நாள்தான் எழுந்தேன். எழுந்த இரண்டு நாளும் முழங்காற்படியிட்ட இடத்திலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டேன். பின்னிரவுவரை விழித்திருக்கும் உடம்பிடம் ஐந்து மணிக்கு ஜெபத்தை எதிர்பார்ப்பது நடக்காத காரியம் என்பது புரிய எனக்கு அவ்வளவு காலம் ஆனது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளையும், "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் எண்ணுகிறது. யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குவது. காலை ஜெபம் என்பது முந்தின இரவிலேயே தொடங்கிவிடுகிறது என்று அந்தக் கோணத்தில் யோசித்தபோது, நான் திருத்த வேண்டியது அலாரத்தை அல்ல, பத்து மணியை என்று தெரிந்தது.

சங்கீதப் புத்தகத்தில் 4ஆம் சங்கீதமும் 5ஆம் சங்கீதமும் அடுத்தடுத்து நிற்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான்காவது, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று இரவில் முடிகிறது. ஐந்தாவது, "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி, காத்திருப்பேன்" என்று விடியலில் எழுந்து நிற்கிறது. படுக்கப்போகும்போது நான்காவதை வாசிப்பதும், எழுந்ததும் ஐந்தாவதை வாசிப்பதும் எனக்கு முதல் மாதத்தின் பழக்கமாயிற்று. கைப்பேசியின் மின்னேற்றியைப் படுக்கையறையிலிருந்து எடுத்து முன்னறையில் மாட்டினேன். அலாரத்துக்கென்று ஒரு சாதாரணக் கடிகாரத்தை வைத்துக்கொண்டேன். பத்தரைக்கு விளக்கை அணைக்கும் முன்பு, முன்னறை மூலையிலுள்ள நாற்காலிக்குப் பக்கத்தில் வேதாகமத்தை, காலையில் வாசிக்க வேண்டிய பக்கத்தில் நூல் வைத்து, எடுத்து வைப்பேன். அதன்மேல் குறிப்பேடு, குறிப்பேட்டின்மேல் பேனா. விழிப்பு முழுதாக வராத அந்த வேளையில் பேனாவைத் தேடி அலைகிறவள் வழியில் நாலு வேலையைப் பார்த்துவிடுவாள். என் வீட்டில் பலமுறை நடந்தது இதுதான்.

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஆண்டவர் சொன்னார். எங்கள் வீட்டில் எனக்கென்று பூட்டிக்கொள்ள ஓர் அறை கிடையாது. அறைவீடு என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் மூல கிரேக்கச் சொல், பண்டங்களைச் சேமித்து வைக்கும் உள்ளறையைக் குறிப்பது என்று ஒரு வேத பாட வகுப்பில் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. தானியமும் எண்ணெயும் வைக்கும் இடத்தில்தான் அந்த ஜனங்களுக்குத் தனிமை கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது அந்த மூலை நாற்காலி. கதவு இல்லாத குறையை வீட்டாரோடு பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. ஐந்தே காலிலிருந்து ஐந்தே முக்கால்வரை என்னைக் கூப்பிட வேண்டாம் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் எழுந்தால் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் ஜெபிக்கும் நேரம் இரவு, பிள்ளைகள் தூங்கின பின்பு. அப்போது வீட்டு வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப் பெண்ணின் ஜெப ஜீவியத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், வீட்டிலுள்ள மற்றவர்கள் அவளுக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஜெபிக்க நேரமில்லை என்று சொல்லும் பல பெண்களின் வீட்டில், அந்த நேரத்தைக் கொடுக்கக்கூடிய ஒருவர் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் என் இளைய மகள் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், நாற்காலிக்குக் கீழே என் காலடியில் போர்வையோடு உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, சத்தமா ஜெபிங்க, நான் கேக்குறேன்" என்றாள். அன்று நான் பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது பெயரில் அவள் தூங்கிவிட்டாள்.

நேரம் கிடைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் வந்தது. உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடிய மறுகணம், கட்டாத கட்டணம், பேசாமல் விட்ட ஒரு சொல், அன்றைக்கு அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலை என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், ஜெபத்தில் பேர்போனவர். அவரே 1841ஆம் ஆண்டின் நாட்குறிப்பில், தாம் முழங்காலில் நின்ற முதல் பத்து நிமிடம், கால் மணி நேரம், சில நாள் அரைமணி நேரம்கூட மனம் அலைந்து திரிந்தபின்தான் உண்மையில் ஜெபிக்கத் தொடங்க முடிந்தது என்று எழுதியிருக்கிறார். எழுந்ததும் நேரே ஜெபத்துக்குப் போவதே அவருடைய நெடுநாள் வழக்கம். அதை மாற்றி, முதலில் வேத வசனத்தை வாசித்து, அதைத் தியானித்து, அந்தத் தியானத்திலிருந்தே ஜெபத்துக்குள் போகத் தொடங்கிய பிறகு அந்தப் போராட்டம் பெரும்பாலும் நீங்கிற்று என்கிறார். நானும் அதையே பின்பற்றினேன். ஒரு சங்கீதத்தின் நாலு வசனத்தை மெதுவாக வாசிப்பேன். அதில் ஒரு சொல் நெஞ்சில் நிற்கும். அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு பேசத் தொடங்குவேன். நானாக ஆரம்பித்துப் பேசும்போது பேச்சு என்னைச் சுற்றியே வருகிறது. அவர் பேசியதற்குப் பதில் சொல்லும்போது அது எளிதாகிறது.

திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535ஆம் ஆண்டில், தமக்கு முடிதிருத்தும் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஜெபிக்கும் வழியை விளக்கி ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். பெரிய இறையியல் வாதங்களை எழுதிய கை, சவரக்கத்தி பிடிக்கிற ஒருவருக்காக உட்கார்ந்து எழுதியது என்பதே எனக்குப் பிடித்த செய்தி. காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, "கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம், முதலில் இதை முடித்துவிடுகிறேன்" என்கிற எண்ணத்துக்கு எச்சரிக்கையாயிரு என்று அவர் எழுதுகிறார். மனம் அலைவதைப் பற்றியும் அந்த நண்பருடைய தொழிலிலிருந்தே உவமை எடுக்கிறார்: நல்ல தொழிலாளி கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பான், பேச்சிலும் வேடிக்கையிலும் கவனம் போனால் வாடிக்கையாளரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான். கூர்மையான ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறோம் என்கிற உணர்வோடு கர்த்தருடைய ஜெபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்த்தேன். 30 விநாடியில் சொல்லி முடிக்கிற ஜெபம் எனக்கு ஒரு காலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அலைந்து வரும் வேலைகளுக்கென்று குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு வேலை நினைவுக்கு வந்தால் இரண்டு சொல்லில் அங்கே எழுதிவிட்டுத் திரும்பி வருகிறேன். எழுதிய பிறகு அது மறுபடி வந்து கதவைத் தட்டுவதில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நான் 15 நிமிடத்தில் ஆரம்பித்தேன், இப்போது அரைமணி. நாளுக்கு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஜெபித்த பரிசுத்தவான்களின் கதைகளைக் கேட்டு, உணர்ச்சிவசப்பட்டு, ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து, பத்தே நாளில் கைவிட்ட அனுபவம் எனக்கு இரண்டுமுறை ஏற்பட்டிருக்கிறது. கைவிட்டபின் வருகிற குற்ற உணர்வு, பிறகு மாதக்கணக்கில் ஜெபத்தின் பக்கமே வரவிடாமல் செய்தது. ஆகவே ஒருவர் இன்று தொடங்குகிறார் என்றால் நாளை மறுநாளும் செய்யக்கூடிய அளவில் தொடங்கட்டும் என்றே சொல்வேன். தவறிய நாளை மறுநாள் இரட்டிப்பாக ஈடுசெய்ய வேண்டாம். கடன் கணக்கைப்போல அது ஏறிக்கொண்டே போகும். நம் பிதாவிடம் நமக்கு அப்படிப்பட்ட கணக்கு இல்லை.

"இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே, அதற்கு நேரம் குறிப்பது எதற்கு, வேலை செய்துகொண்டே ஜெபிக்கலாமே என்று முன்பெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். பல ஆண்டுகள் அப்படித்தான் சமாளித்தும் வந்தேன். வேலையும் நடந்தது, ஜெபம்தான் நடக்கவில்லை. நெகேமியாவின் புத்தகம் இதில் எனக்குக் கண் திறந்தது. ராஜாவுக்குப் பானம் பரிமாறிக்கொண்டிருந்த நெகேமியாவிடம், நீ கேட்கிற காரியம் என்ன என்று அர்தசஷ்டா கேட்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில், நின்ற நிலையிலேயே, நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் செய்தி அவருக்கு வந்தது கிஸ்லேயு மாதத்தில். ராஜா கேட்டது நிசான் மாதத்தில். ஏறத்தாழ நான்கு மாத இடைவெளி. செய்தி கேட்ட நாளிலேயே உட்கார்ந்து அழுது, உபவாசித்து, மன்றாடத் தொடங்கியவருக்குத்தான் அந்த ஒரு மூச்சு ஜெபம் தானாக வந்தது.

ரோமாபுரி சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்கு வந்து தங்கிய புரோபா என்னும் விதவைக்கு, 412ஆம் ஆண்டையொட்டி ஆப்பிரிக்கத் திருச்சபையின் பேராயர் அகுஸ்தீன் எழுதிய கடிதத்திலும் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எகிப்திலுள்ள சகோதரர்கள் மிகக் குறுகிய ஜெபங்களை, எறியப்படும் அம்புகளைப்போல, அடிக்கடி ஏறெடுக்கிறார்கள் என்று அவர் எழுதுகிறார். அதே கடிதத்தில், உள்ளத்தின் ஆவல் சூடு தணிந்து, முற்றிலும் குளிர்ந்துபோகாதபடிக்கு, குறித்த வேளைகளில் கவலைகளையும் அலுவல்களையும் விட்டு மனதைத் திரும்ப ஜெபத்துக்கு அழைக்கிறோம் என்றும் சொல்கிறார். காலை அரைமணி நேரம் நிலைத்தபிறகு எனக்கும் அந்த அம்பு ஜெபங்கள் வரத் தொடங்கின. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, சாலைச் சிக்னலில் நிற்கும்போது, கணினி இயங்கத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்தில், காலையில் வாசித்த சொல் திரும்பி வருகிறது. அலுவலகத்தில் ஒரு கடினமான உரையாடலுக்குப் போகும்போது, கதவின் கைப்பிடியைப் பிடித்த நிலையில், "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்" என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைகிறேன். கேட்டும் நாக்கு தவறிய நாள்கள் உண்டு. கேட்காத நாள்களைவிடக் குறைவு.

வறண்ட காலைகளும் இருக்கின்றன. வசனம் காகிதத்தில் எழுத்தாக மட்டும் தெரியும். ஜெபம் கூரையைத் தாண்டாததுபோல் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் நான் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு உணர்வு இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். அவர்களுக்கு வேலை வேண்டும், சுகம் வேண்டும், பிள்ளை திரும்பி வர வேண்டும். ஒரு பெயரைச் சொல்லி, அவர் முகத்தை நினைத்து, அவருடைய இன்றைய பகல் எப்படியிருக்கும் என்று யோசித்து, அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன். பட்டியலில் முதல் பெயர் அந்தச் சகோதரியுடையது. இரண்டாவது அவர் கணவருடையது.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஜெபிக்காததைவிட, ஜெபித்ததாக நினைக்கவிட்டதுதான் என்னை அதிகம் அரித்தது. ஒரு மாலைக் கூடுகை முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, வாசற்படியில் நின்று சொன்னேன்: "நீங்க அன்னைக்கு நன்றி சொன்னீங்க. ஆனா அந்த ஒன்றரை மாசத்துல நான் உங்களுக்காக ஒரு நாள்கூட ஜெபிக்கல. என்னை மன்னிச்சிருங்க." அவர் என்னைப் பார்த்தபடியே சற்று நேரம் பேசாமல் நின்றார். கண்கள் கலங்கின. கோபமா, ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. பிறகு, "இப்ப ஜெபிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டார். இனிமேல் தினமும் ஜெபிக்கிறீர்களா என்று கேட்கிறார் என நினைத்து, "ஆமா, இப்பல்லாம் தினமும்" என்று சொல்லத் தொடங்கினேன். "இல்லக்கா, இப்ப. இங்கயே" என்றார்.

இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தோம். அவர் கணவருக்கு அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை என்றும், பயம் இரவில்தான் அதிகம் வருகிறது என்றும் சொன்னார். அந்த இரண்டையும் அவர் சொன்ன சொற்களிலேயே எடுத்து ஆண்டவரிடம் சொன்னேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. அதற்குப் பிறகு யார் என்னிடம் ஜெபிக்கும்படி கேட்டாலும், நின்ற இடத்திலேயே, தொலைபேசியில் என்றால் அழைப்பை வைக்கும் முன்பே, ஜெபித்துவிட்டுத்தான் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். அந்த வியாழக்கிழமை காலை, ஐந்தே காலுக்கு, நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு செய்தி அனுப்பலாமா என்று யோசித்தேன். கைப்பேசி மின்னேற்றியில் இருந்தது. பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று 5ஆம் சங்கீதத்தைத் திறந்தேன்.